சான்சூசி வீட்டுச் சிங்கம்

அண்ணை கதிரையில் ஏறி நின்று ஆணி அடித்துக்கொண்டிருந்தார். கதிரை ஆடாமல் நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அண்ணி நாலடி தள்ளி நின்று, "ஆணி இடப்பக்கம் போகுது... இல்லை, இப்ப வலப்பக்கம் போகுது" என்று மேற்பார்வை செய்துகொண்டிருந்தா.

கெபெக்கில், புரோசார்டில் அவர்களுடைய வீட்டு வரவேற்பறை. குசினியிலிருந்து கணவாய்க் கறி மணம் வந்தது. யன்னலுக்கு வெளியே கறுத்துப்போன கடைசிப் பனி வேலியோரம் குவிந்து கிடந்தது. எந்த வருடம் என்று கேட்காதீர்கள். அண்மையில்தான். பெருந்தொற்று அடங்கி, எங்கள் சனம் மறுபடியும் கலியாண மண்டபங்களை மொய்க்கத் தொடங்கியிருந்த காலம்.

சுவரில் ஏறப்போனது கேடயம் போல வெட்டிய ஒரு மரப்பலகை. சிவப்பும் நீலமும் பொன்னிறமுமாக மினுங்கியது. நடுவில் ஒரு சிங்கம் நாக்கை நீட்டிக்கொண்டு பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அதற்குக் கீழே, பழைய காலத்து வளைந்த எழுத்தில், ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயர்: சான்சூசி.

அது எங்கள் குடும்பப் பெயர் அல்ல. அண்ணையின் மகள் டிலானி கட்டப்போகிற மத்தியூ என்ற பெடியனின் குடும்பப் பெயர்.

"இது அவையின்ர வம்சச் சின்னம், பிள்ளை" என்றார் அண்ணை, சுத்தியலை என்னிடம் நீட்டியபடி. "வாற போற ஆக்கள் பாக்கட்டும்."

"மாப்பிளை வீட்டுக்காரர் தந்தவையோ?"

"சீச்சீ. நான்தான் மோலில செய்விச்சனான். பேரைச் சொன்னால் போதும். அந்தக் கடைப் பிள்ளை கொம்பியூட்டரில தட்டிப்போட்டு, சிங்கம் வேணுமோ கழுகு வேணுமோ எண்டு கேட்டுது. நான் சிங்கம் எண்டனான்."

வம்சச் சின்னத்தில் என்ன மிருகம் என்பதை வாங்க வந்தவரிடமே கேட்கிறார்கள். அவரும் கறிக்கடையில் தொடையா நெஞ்சா என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு வருகிறார். அதிலும் சிங்கம்! ஊரில் சிங்கக்கொடி பறந்த கந்தோர்களுக்குள் ஒரு கையெழுத்துக்காகக் குனிந்த தலை நிமிராமல் போய்வந்த மனிதர், அட்லாந்திக்கைத் தாண்டி வந்து, தானாக ஒரு சிங்கத்தை வாங்கி நடுவீட்டில் ஏற்றுகிறார்.

சிரிப்பு வந்தது. கதிரையை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

அவை என்ன ஆக்கள்?

போன கிழமை இந்தப் பத்தியில் அண்ணையைப் பற்றி நல்லதாகச் சில வரிகள் எழுதியிருந்தேன். பனிப்புயல் நாளில் ஆற்றைக் கடந்து வந்து என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்ட கதை. "இப்படி ஓர் அண்ணன் எனக்கு வாய்க்கவில்லையே" என்று ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். அம்மா, அவசரப்படாதீர்கள். இதையும் வாசித்துவிட்டுச் சொல்லுங்கள்.

டிலானி தனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது என்று வீட்டில் சொன்ன அன்றே அண்ணை எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெடியன் ஆரம்பப் பள்ளிக்கூட ஆசிரியன். குடிப்பதில்லை. பூசைக்கு எப்போதாவது போவான். இவை ஒன்றைப் பற்றியும் அண்ணை கேட்கவில்லை.

"றெஜி, அவை என்ன ஆக்கள் எண்டு ஒருக்கா விசாரி."

யாழ்ப்பாணத்தாருக்கு இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சாதி என்ற சொல்லை வாயால் சொல்வது எங்களில் மரியாதையில்லை. ஆகவே "என்ன ஆக்கள்" என்போம். அதைப் பார்ப்பதில் ஒரு குறையும் இல்லை, சொல்வதுதான் குறை. நாங்கள் கத்தோலிக்கர், நானூறு வருடமாகச் சிலுவை போடுகிறோம். தலையில் ஊற்றிய தண்ணீர் இந்த அழுக்கில் மட்டும் படவேயில்லை.

"அண்ணை, அவை வெள்ளைக்காரர்" என்றேன்.

"அதுக்கு? வெள்ளைக்காரருக்குள்ள இல்லையோ? எல்லாருக்குள்ளயும் இருக்கு. பேரை வைச்சே பிடிக்கலாம். நீ கோயில் கந்தோரில தானே இருக்கிறாய், பழைய பதிவெல்லாம் உன்ர கையில."

"நேர அவையிட்டயே கேளுங்கோவன்."

"நேர கேக்கிறது மரியாதையே?"

பிறகு குரலைத் தாழ்த்தினார். "கண்ட நிண்ட ஆக்களோட நான் சம்பந்தம் வைக்க மாட்டன். சரிவராட்டி அவள் தன்ர பாட்டுக்குச் செய்யட்டும். நான் கோயில் வாசலும் மிதியன்."

அவர் வெருட்டுவதற்காகச் சொல்கிறவர் இல்லை. செய்வார். அப்படிச் செய்ததைக் கண்டவள் நான்.

அடுத்த நாள் டிலானி கந்தோருக்கே வந்துவிட்டாள். அழுத முகம். "அப்பா கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வராட்டி நான் கோயிலுக்குள்ள நடக்க மாட்டன், மாமி. கலியாணமே வேண்டாம்." முப்பது வயதுப் பெண், பல் மருத்துவரிடம் வேலை, சொந்தக் கார். ஆனாலும் அப்பா. அவளுக்கு அப்பாவின் கேள்வி என்னவென்றே தெரியாது. தெரியாமல் வளர்த்துவிட்டோம். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோம்.

பட்டாளத்துப் பட்டப்பெயர்

எனக்கு ஆற்றுக்கு இக்கரையில் அஹுன்ட்சிக் பக்கம் ஒரு கோயில் கந்தோரில் வேலை. ஞானஸ்நானப் பத்திரம், விவாகப் பத்திரம் எழுதிக் கொடுப்பது, பூசைக்குப் பெயர் பதிவது, சூடாக்கி பழுதானால் ஆளைக் கூப்பிடுவது. ஆனால் வருகிறவர்களில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற பிரெஞ்சுக்காரர்கள். தங்கள் மூதாதையரைத் தேடி வருவார்கள். எட்டாவது பாட்டன் எந்தக் கிராமத்திலிருந்து எந்தக் கப்பலில் வந்தான் என்று கண்டுபிடித்தால் ஞாயிறு முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்கள்.

ரிஷிமூலம், நதிமூலம் பார்க்கக்கூடாது என்று எங்களில் சொல்வார்கள். இவர்களுக்கு அந்தப் பயம் கிடையாது. பாட்டன் ஆட்டைத் திருடி அகப்பட்டவன் என்று தெரிந்தால்கூடக் கைதட்டிச் சிரித்துவிட்டு அதற்கும் ஒரு பிரதி கேட்பார்கள். முதலில் எனக்கு இவர்கள் பைத்தியங்கள் என்றுதான் பட்டது. பிறகுதான் பைத்தியம் எந்தப் பக்கம் என்று விளங்கியது.

அவர்களிடமிருந்து கற்றதைக் கொஞ்சம் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு முதலில் வந்த பிரெஞ்சுக்காரரில் பலர் சிப்பாய்கள். பட்டாளத்தில் சேர்ந்தவுடன் ஒவ்வொருவனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்கள். ஒரு வரிசையில் பத்து ழான், பன்னிரண்டு பியேர் நின்றால் கப்டன் யாரை எப்படிக் கூப்பிடுவான்? ஆகவே ஒருவன் பூ. ஒருவன் நல்மனம். ஒருவன் மலையைப் பிளப்பவன், அநேகமாக ஆள் கட்டையாக இருந்திருப்பான். பட்டாளம் கலைந்த பிறகு பலர் இங்கேயே காணி வாங்கிக் கலியாணம் செய்து தங்கிவிட்டார்கள். சுவாமிமார் பதிவேட்டில் இரண்டு பெயரையும் எழுதினார்கள்: "இன்னார், எனப்படும் இன்னார்" என்று. பேரப்பிள்ளைகள் காலத்தில் ஒன்று உதிர்ந்துவிட்டது. சில வீடுகளில் அண்ணன் தகப்பன் பெயரை வைத்துக்கொண்டான், தம்பி பட்டப்பெயரை வைத்துக்கொண்டான். இன்று அந்த இரண்டு கிளையும் தெருவில் கண்டால் ஒருவரையொருவர் தெரியாது.

சான்சூசி என்பதும் அப்படி ஒரு பட்டப்பெயர்தான். கவலையில்லாதவன் என்று பொருள்.

ஒரு மத்தியானம் முட்டை சான்ட்விச்சைக் கடித்தபடி கணினியில் தேடினேன். பழைய பதிவேடுகள் எல்லாம் இப்போது படமாக இருக்கின்றன. மத்தியூவின் தகப்பன், அவருடைய தகப்பன் என்று ஒவ்வொரு கலியாணமாகப் பின்னோக்கிப் போனேன். கடைசியில் ஒரு பக்கம் வந்தது. "நிக்கோலா பொனார், எனப்படும் சான்சூசி, சிப்பாய்." அதற்குப் பிறகு இரண்டு வரி. கோழி கிளறியது போன்ற கையெழுத்து, அதன் மேல் மை வேறு ஊறியிருந்தது. என்னால் வாசிக்க முடியவில்லை. மூடிவிட்டேன்.

"பட்டாளத்தில இருந்தவையாம், அண்ணை."

தொலைபேசியின் மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "அப்ப சத்திரியர்."

"அண்ணை, சாதாரணச் சிப்பாய். பேர்கூட கப்டன் வைச்ச பட்டப்பெயர்."

"உனக்கு ஒண்டும் தெரியாது. நான் போனில அடிச்சுப் பாத்தனான். ஜேர்மனியில இதே பேரில ஒரு ராசாவின்ர மாளிகையே இருக்கு. ராசா சும்மா ஒருத்தன்ர பேரை மாளிகைக்கு வைப்பானே?"

நான் திருத்தவில்லை. அவர் கோயிலுக்கு வருவதற்கு ஒரு மாளிகை தேவையென்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன். அடுத்த ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "டிலானிக்கு வாய்ச்சது ராச பரம்பரையாமே!" அவர்களுடைய பிள்ளைகள் வெள்ளைக்காரரைக் கட்டியபோது இதே அண்ணை இதே வாசலில் நின்று உச்சுக்கொட்டியவர். அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. மாளிகை என்றதும் எல்லோருக்கும் வாயூறிவிட்டது. சிங்கப் பலகை அதற்கு அடுத்த கிழமை வந்தது.

எங்கள் பெயர்களின் கூத்து

பிரெஞ்சுக்காரன் பெயரை ஆராயப் புறப்பட்ட எங்களுடைய பெயர்க் கூத்தையும் சொல்ல வேண்டும்.

எங்கள் அப்பா பெயர் பஸ்தியாம்பிள்ளை. ஊரில் அது எங்கள் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தாக, ஒரு புள்ளியோடு சும்மா கிடந்தது. இங்கே வந்து இறங்கிய அன்று, குடும்பப் பெயர் என்ன என்று அதிகாரி கேட்டார். அண்ணைக்கு விளங்கவில்லை, அப்பாவின் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து அவர் முசியே பஸ்தியாம்பிள்ளை. அவருடைய சொந்தப் பெயர் பீற்றர். ஆகவே மகள் டிலானி பீற்றர். கார்டரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், பிள்ளையை ஏற்றப் போனால், "நீங்கள் யார், பெயர் பொருந்தவில்லையே" என்று நிறுத்தி வைப்பார்கள். அண்ணை குளிரில் வாசலில் நின்று தகப்பன் என்று நிரூபிக்க வேண்டும்.

எங்களில் ஒரு குடும்பப் பெயருக்கு ஆயுள் ஒரு தலைமுறை. இதை வைத்துக்கொண்டுதான் முந்நூறு வருடப் பெயர் ஒன்று "சரியான" பெயரா என்று பார்க்கப் போனோம்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. டிலானி கலியாணத்துக்குப் பிறகு மடாம் சான்சூசி ஆகிவிடுவாள் என்று அண்ணை கணக்குப் போட்டிருந்தார். கெபெக்கில் அப்படி இல்லை, பெண் தன் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்க வேண்டும், சட்டம் அது என்று நான் சொன்னேன். அவர் முகம் தொங்கிப்போய்விட்டது.

"அப்ப அவள் சாகுமட்டும் என்ர பேரையே காவிக்கொண்டு திரியப்போறாள்?"

தன் மகள் தன் பெயரோடு இருக்கப்போகிறாள் என்று ஒரு தகப்பன் துக்கப்பட்டதை அன்றுதான் பார்த்தேன்.

இல்-பிசாரில் ஒரு மத்தியானம்

வைகாசி மாதம் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். இல்-பிசார் ஒரு தனித் தீவு. பஸ் எப்போதாவதுதான் வரும். வீடுகளுக்கு நடுவே பெரிய புல்வெளிகள். அண்ணை கோட்டும் கழுத்துப்பட்டியும் கட்டிக்கொண்டு வந்தார். மாளிகைக்குப் போகிறவர் அல்லவா.

கதவைத் திறந்தவர் அரைக் காற்சட்டையோடு நின்றார். மத்தியூவின் தகப்பன் ஜில். மனைவி இறந்து பல வருடம். முப்பது வருடம் மாநகரசபையின் பனி தள்ளும் வண்டி ஓட்டி ஓய்வுபெற்றவர். தடித்த விரல்கள், சத்தமான சிரிப்பு. சுவரில் சிங்கத்தையும் காணோம், கழுகையும் காணோம். தூண்டில்கள்தான் தொங்கின.

"பெரிய ஆக்கள் இப்பிடித்தான் எளிமையா இருப்பினம்" என்று அண்ணை என் காதில் சொன்னார்.

ஜில் தானே செய்த ஆப்பிள் சைடரைக் கொண்டுவந்து ஊற்றினார். கோடையில் எதிர்க்கரை லவாலுக்குப் போகிற படகைப் பற்றிச் சொன்னார். பிறகு அண்ணையைப் பார்த்து, "உங்கள் பெயருக்கு என்ன வரலாறு?" என்று பிரெஞ்சில் ஆசையாகக் கேட்டார். நான் அண்ணையிடம் சொன்னேன்.

"நாங்கள் ஊரில பேர்போன குடும்பம் எண்டு சொல்லு."

"எங்கள் அப்பாவுடைய பெயர்" என்று ஜில்லிடம் சொன்னேன். அவர் அதற்கே மகிழ்ந்து தலையாட்டினார்.

அண்ணை சைடர்க் கிளாசை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். மறுபடி ஊற்றினார் ஜில். மறுபடி குடித்தார். அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வேறொரு மத்தியானமும் வேறொரு கோப்பையும் ஞாபகம் வந்துவிட்டன.

பின்தட்டில் இருந்த கோப்பை

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். எங்கள் கோயில் பாடகர் குழுவில் நான் பாடினேன். அமலன் ஆர்மோனியம் வாசித்தான். கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை, நல்ல நீளமான விரல்கள். மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள், எல்லோருக்கும் நடப்பதுதான்.

அமலனின் தகப்பன் கபிரியேல் அப்பு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு சலூன் இருந்தது. மகனுக்காக ஒரு நாள் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு எங்கள் வீட்டுக்குக் கதைக்க வந்தார்.

அப்பா அப்போது உயிரோடு இல்லை. அண்ணைதான் வீட்டுக்குப் பெரியவர், இருபத்தேழு வயதில். கபிரியேல் அப்புவை இருக்கச் சொல்லவில்லை. உள்ளே திரும்பி அம்மாவிடம், "அந்தப் பின்தட்டில இருக்கிற கோப்பையில தேத்தண்ணி குடுங்கோ" என்றார். பின்தட்டில் விளிம்பு உடைந்த ஒரு கோப்பை இருந்தது. யாருக்கென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். வந்தவருக்கும் தெரியும். அமலன் ஊர்ச் சுவாமியிடம் படித்து, ஊர்க் கோயிலில் ஞாயிறு தவறாமல் வாசித்தவன். அது ஒன்றுக்கும் உதவவில்லை.

தேத்தண்ணி வந்தது. அண்ணை பக்கத்து வீடுகளுக்கும் கேட்கிற குரலில், "சலூன்காரன்ர பெடியனுக்கு எங்கட வீட்டில பொம்பிளை கேக்கிறியளோ?" என்றார்.

கபிரியேல் அப்பு கோப்பையைத் தொடவில்லை. "நல்லது தம்பி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். வாழைப்பழச் சீப்பை அண்ணை மாட்டுக்குப் போட்டார். அடுத்த ஞாயிறு ஆர்மோனியத்துக்கு முன்னால் யாரும் இல்லை.

அமலன் கிடைக்காமல் போனதை அழுது எழுத வரவில்லை. நான் பிறகு கலியாணம் செய்தேன். என் வீட்டுக்காரர் நல்ல மனுசன், இதை வாசித்தால் பிழை திருத்தித் தருவார். அமலன் எங்கோ நோர்வேயில் பேரப்பிள்ளைகளோடு இருப்பதாகக் கேள்வி. அது எல்லாம் ஆறிவிட்டது. அந்தத் தேத்தண்ணிக் கோப்பை மட்டும் ஆறவில்லை. அண்ணையை நான் மன்னிக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதை இரண்டு தரம் சொல்லியும் இருக்கிறேன்.

நாலு தாள்

ஆனி மாதம் ஜில் புரோசார்டுக்கு விருந்துக்கு வந்தார். சிங்கப் பலகையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். "அழகாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு நண்டுக்கறி சாப்பிட உட்கார்ந்துவிட்டார். பண்பான மனிதர்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவரிடமிருந்து ஒரு கடித உறை வந்தது. விருந்தில் அவர் பேசப்போகிற பேச்சு, நாலு தாள், கையால் எழுதியது. பக்கத்தில் நின்று தமிழில் சொல்வதற்கு டிலானி என்னைத்தான் கேட்டிருந்தாள்.

கந்தோரில் இருந்து வாசித்தேன். முதல் தாளில் மகனைப் பற்றி. இரண்டாவதில் டிலானியைப் பற்றி. மூன்றாவது தாளில் நிக்கோலா பொனார் வந்தார். நான் வாசிக்க முடியாமல் மூடிவைத்த அந்த இரண்டு வரியை ஜில் பத்து வருடம் முன்பே வாசித்து முடித்திருந்தார். நிக்கோலாவின் தகப்பன் பிரான்சில் ஒரு சின்ன ஊரில் சவரம் செய்பவர். நிக்கோலாவும் அதே தொழில். பட்டாளத்தில் முடி வெட்டிச் சவரம் செய்ததுதான் அவர் வேலை.

தாளைக் கீழே வைத்தேன். பிறகு வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த அறையில் இருந்த சுவாமி எட்டிப் பார்த்தார்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. அண்ணையின் காதில் இது இப்போது விழுந்தால் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அந்தப் பிள்ளை நடக்கமாட்டாள். ஜில்லிடம் சொல்லி அந்தத் தாளை எடுத்துவிடலாம்தான். ஆனால் என்ன காரணம் சொல்வது? "உங்கள் பாட்டனாரின் தொழில் எங்கள் வீட்டுக்குக் காணாது" என்று எந்த மொழியில் சொல்ல? இவ்வளவு பிரெஞ்சு படித்தும் அதற்கு எனக்குச் சொல் இல்லை, இருந்தாலும் என் வாயால் வராது.

டிலானியைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "இதைச் சபையில சொல்லலாமோ, பிள்ளை?"

"ஏன் மாமி, செ துரோல்! நல்ல பகிடியா இருக்கு. ஏன் சொல்லக்கூடாது?"

அவள் கண்ணில் ஒரு கேள்விக்குறியும் இல்லை. சரி என்று நாலு தாளையும் மடித்துக் கைப்பையில் வைத்தேன். அண்ணையிடம் மூச்சுவிடவில்லை. பிள்ளைக்காகத்தான் மறைத்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்தத் தாள் அவருக்கு முன்னால் திறக்கிற நாளுக்காக ஆசையோடு காத்திருந்தேன். மீதிப் பாதி அது.

ஒலிவாங்கி

கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அண்ணை மகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். பீடத்துக்கு முன்னால் கையை விடும்போது அழுதும் விட்டார். பதிவேட்டை நான்தான் எழுதியிருந்தேன். டிலானி பீற்றர், மத்தியூ சான்சூசி. சாட்சியாக அண்ணை கையெழுத்துப் போட்டார். மை காயும் வரை பக்கத்தில் நின்று பார்த்தேன். இனி ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

மத்தியான விருந்து. மீன் கட்லட், ரோல்ஸ், ஒரு மேசையில் மாப்பிள்ளை வீட்டுக்காரருக்காகப் பாற்கட்டி. ஜில் எழும்பி ஒலிவாங்கியைப் பிடித்தார், நான் பக்கத்தில் நின்றேன். ஒரு வசனம் அவர், ஒரு வசனம் நான். எங்கள் ஆட்கள் நூற்றைம்பது பேர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். மாளிகைக்காரர் பேசுகிறார் அல்லவா.

மூன்றாவது தாள் வந்தது.

"என் முதல் மூதாதை பட்டாளத்தில் பெரிய வீரன் இல்லை" என்றார் ஜில். சொன்னேன்.

"அவர் ஒரு பார்பியே" என்றார்.

இங்கே எனக்கு ஒரு கணம் கிடைத்தது. தமிழில் மெதுவான சொற்கள் இருக்கின்றன. முடி திருத்துநர் என்று சொல்லலாம், சிகை அலங்கார நிபுணர் என்றுகூடச் சொல்லலாம். பாதிப்பேர் கட்லட்டைக் கடித்துக்கொண்டு கடந்து போயிருப்பார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன். முன்மேசையில் கோட்டுக்குள் நிமிர்ந்து இருந்தார்.

"அவர் ஒரு சலூன்காரன்" என்றேன். ஒலிவாங்கி நல்லதாக வேலை செய்தது. "அவருடைய அப்பாவும் சலூன்காரன்."

தமிழ் மேசைகளில் கரண்டிச் சத்தம் நின்றது. பிரெஞ்சு மேசைகளில் சிரித்துக் கைதட்டினார்கள். ஜில் உற்சாகமாகித் தாளில் இல்லாததையும் சொன்னார். "முசியே பஸ்தியாம்பிள்ளை, உங்கள் வீட்டுச் சுவரில் ஒரு சிங்கம் பார்த்தேன். அன்று சொல்லக் கூச்சமாக இருந்தது. எங்கள் வீட்டில் சிங்கம் இருந்ததில்லை. ஒரு சவரக் கத்திதான் இருந்தது." அதையும் ஓர் எழுத்து விடாமல் தமிழில் சொன்னேன்.

டிலானி தலையை அண்ணாந்து சிரித்தாள். ராச பரம்பரை என்று என்னிடம் வந்து வாயூறியவர்கள் இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷப் புளுகம் என்பது உதட்டோரத்தில் தெரிந்தது. அதற்காக அவர்களையும் வெறுத்தேன்.

ஜில் கீழேயிருந்து ஒரு சட்டத்தை எடுத்தார். அந்தப் பழைய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதி, கண்ணாடி போட்டது. அதன் அடியில் தானே கையால் எழுதிய பரம்பரை மரம். உச்சியில் நிக்கோலா, நுனியில் மத்தியூவும் டிலானியும். மேடைக்கு அழைத்து அண்ணையின் கையில் கொடுத்து, கட்டிப்பிடித்து, இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். பிறகு ஒரு கிளாசை ஊற்றி நீட்டினார். முந்நூறு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணை வாங்கிக் குடித்தார்.

என் மனம் குளிர்ந்ததா என்று கேட்பீர்கள். குளிர்ந்தது. பொய் சொல்லமாட்டேன்.

வெறும் ஆணி

அடுத்த ஞாயிறு மத்தியானம் புரோசார்டுக்குப் போனேன். வரவேற்பறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. சிங்கத்தைக் காணவில்லை. ஜில் கொடுத்த சட்டமும் அந்த இடத்துக்கு வரவில்லை. அது சோபாவுக்குப் பின்னால் பரிசுத் தாளோடு சாத்தி வைத்திருந்தது.

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல், "தேத்தண்ணி போடுறன்" என்று குசினிக்குள் போய்விட்டா. அண்ணை யன்னலோரக் கதிரையில் இருந்தார். கோட்டு இல்லாமல், வீட்டுச் சாரத்தோடு, வயது தெரிந்தது.

"உனக்கு முன்னமே தெரியும் என்ன?"

"ஓம்."

"அந்த ஒரு சொல்லை நீ விட்டிருக்கலாம், றெஜி. சனத்துக்கு என்னெண்டு தெரியப்போகுது? நூற்றைம்பது பேருக்கு முன்னால..." சாரத்தை இழுத்து முழங்காலை மூடினார். "விட்டிருக்கலாம்."

அண்ணி இரண்டு கோப்பையையும் மேசையில் வைத்தா. நல்ல கோப்பைகள், பொன் விளிம்பு போட்டவை.

"அண்டைக்கு நீங்களும் அந்த ஒரு சொல்லை விட்டிருக்கலாம், அண்ணை" என்றேன். "கபிரியேல் அப்பு தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போயிருப்பார்."

அந்தப் பெயரை அவர் மறந்திருப்பார் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. முகத்தில் தெரிந்தது.

அவருடைய தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படிந்தது. அவர் தொடவில்லை. நான் என்னுடையதை முழுவதும் குடித்துவிட்டு எழும்பினேன்.